கழிப்பறையிலும் விழிப்பு

மைண்ட்ஃபுல்னெஸ் இன்று செயலிகளில் சந்தா கட்டி வாங்கும் பொருளாகிவிட்டது. புத்தரின் எண்வழிப் பாதையில் ஏழாவதாக வரும் நற்கடைப்பிடிதான் அது. சதிபட்டான சுத்தம் நடப்பது, உண்பது, குடிப்பதோடு மலசலம் கழிப்பதையும் விழிப்புடன் செய்யச் சொல்கிறது. ஆய்வுக்காகப் படித்தபோது அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

விடுதியில் தட்டு கழுவும்போது விரலில் படும் நீரைக் கவனிக்கப் பழகியிருந்தேன். மனசு லேசாகும். ஆனால் தினமும் எங்கள் கழிப்பறையைக் கழுவும் அக்காவின் பெயர் மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. எதைக் கவனிக்க வேண்டாம் என்பதைச் சாதி நமக்கு அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறது.

கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை. இறப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள். வாடிய பூக்குப்பையை அள்ளிப் பிழைத்த சுனீதரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டவர் புத்தர். அவருடைய தம்மத்தை மனிதரோடு மனிதர் நேர்மையாக நடந்துகொள்ளும் முறையாகவே அம்பேத்கர் விளக்கினார்.

இப்போது என் பயிற்சி இதுதான்: நான் பயன்படுத்திய கழிப்பறையை நானே தேய்த்துக் கழுவுவது, அக்காக்களின் பணிநிரந்தரக் கோரிக்கைக்குத் துணை நிற்பது. தோழர்களே, நம் மூச்சைக் கவனிப்போம். மலக்குழிக்குள் யாருடைய மூச்சு நிற்கிறது என்பதையும் சேர்த்தே கவனிப்போம்.