கணக்கெடுத்த பிறகு மறைப்பதா?

2019 ஜனவரி 28 அன்று தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். 2017-18-க்கான வேலைவாய்ப்பு ஆய்வறிக்கைக்கு ஆணையம் முந்தைய டிசம்பரிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. அரசு வெளியிடவில்லை. வேலையின்மை 6.1 சதவீதம் என்ற விவரம் மக்களவைத் தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31-ல்தான் அதிகாரபூர்வமாக வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வையே கைவிட்டார்கள். தரவின் தரம் சரியில்லை என்றது அமைச்சகம். இருக்கட்டும், என்ன கோளாறு என்று பார்க்க அந்தத் தரவை ஆய்வாளர்களிடம் கொடுத்திருக்க வேண்டாமா? 2011-12-க்கு அடுத்த நுகர்வுக் கணக்கு 2024-ல்தான் கைக்கு வந்தது. அதுவரை விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கும் பெட்ரோலுக்கும் எவ்வளவு எடை என்பது பழைய கணக்கின்படியே நடந்தது. அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் ரிசர்வ் வங்கி வட்டியைத் தீர்மானிக்கிறது. வீட்டுக்கடன் தவணை வரை வந்து தொடுகிற விஷயம் இது.

எதை அளப்பது என்பதிலேயே அரசியல் புகுந்துவிட முடியும். வேலைவாய்ப்பு ஆய்வின் வாராந்திரக் கணக்கின்படி, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்தவரும் வேலையில் இருப்பவர்தான். மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் வாரத்தில் பல நாள் வேலை கிடைக்காமல் வீடு திரும்பும் சித்தாளும், சம்பளமில்லாமல் குடும்பக் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகளும் அதில் அடக்கம். இது மோசடி அல்ல. பன்னாட்டு வரையறையை ஒட்டியதுதான். ஆனால் இத்தகைய வரையறைகளை வகுப்பவர்களும் மாற்றுபவர்களும் அமைச்சரின் முகத்தைப் பார்த்து வேலை செய்யக்கூடாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் வேதனை. 2021-ல் வரவேண்டியது 2027 மார்ச் 1-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. தேனி சாலையின் இருபுறமும் வயலும் தோட்டமும் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்க, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் முதல் நிதி ஒதுக்கீடு வரை 2011-ன் தலைக்கணக்குதான் அடிப்படை. அதன்பிறகு பிறந்த குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்கே வந்துவிட்டார்கள்.

புள்ளிவிவரம் திரட்டுவது அரசின் வேலை, அதில் சந்தேகமில்லை. அதற்கு ஆளும் பணமும் அரசிடம்தான் உண்டு. எப்போது வெளியிடுவது, வெளியிடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் ஆள்வோரிடம் இருக்கக்கூடாது. தங்கள் ஆட்சியின் மதிப்பெண்ணைத் தாங்களே திருத்திக்கொள்ளும் சலுகை எந்தக் கட்சிக்கும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் வேலைவாய்ப்பு எண்கள் பிடிக்காமல் போனதும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் தலைவரை அதிபர் டிரம்ப் நீக்கியதைப் பார்த்தோம். பிரிட்டனில் 2008 முதல் புள்ளியியல் ஆணையம் அமைச்சருக்கு அல்ல, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்கிறது.

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-லேயே சட்டபூர்வ ஆணையம் வேண்டும் என்றது. 2005-ல் வந்தது ஓர் அரசாணை மட்டுமே; அதன் பலம் எவ்வளவு என்பதை 2019 காட்டிவிட்டது. காங்கிரஸ் ஆட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை, பாஜக ஆட்சியும் ஆக்கவில்லை.

நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டும். ஆணையம் ஒப்புதல் அளித்த அறிக்கை, முன்கூட்டி அறிவித்த தேதியில், தேர்தல் நேரமானாலும், மூலத்தரவுடன் வெளிவந்தாக வேண்டும் என்று அதில் எழுதப்பட வேண்டும். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பாராமல் இதை அவையில் எழுப்பட்டும். மதுரை உறுப்பினர் முதலில் எழட்டும்.