ஸ்பானிய வகுப்பில் பால்பொது வழக்கு: எங்கள் நிலைப்பாடு

தமிழ் பேசும் பெரியவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்களின் சங்கம் இது. 'எல்லோரும்' என்பதற்குப் பாடநூல் 'தோதோஸ்' என்கிறது. அர்ஜென்டினாவிலிருந்து வரும் காணொளியில் ஓர் இளைஞர் 'தோதேஸ்' என்கிறார். எது சரி என்று மாணவர்கள் கேட்கும்போது ஆசிரியருக்கு ஆசிரியர் பதில் மாறுகிறது. அது நல்லதல்ல என்பதால் இந்த அறிக்கை. பால்பொது வடிவங்களைப் புரிந்துகொள்ள எல்லா மாணவர்களுக்கும் கற்றுத்தருவோம். பயன்படுத்தச் சொல்லி எவரையும் வற்புறுத்த மாட்டோம். பயன்படுத்துகிறவரைத் தடுக்கவும் மாட்டோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் மேசை அஃறிணை, அதோடு பேச்சு முடிந்தது. ஸ்பானியத்தில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இவற்றை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சர்ச்சை மனிதரைக் குறிக்கும் சொற்களைப் பற்றியது மட்டுமே. ஒரு வகுப்பில் இருபது பெண்களும் ஓர் ஆணும் இருந்தால், மரபு இலக்கணப்படி அவர்களை ஆண்பால் பன்மையில்தான் சொல்ல வேண்டும். அந்த ஆண்பால் எல்லோரையும் உள்ளடக்கிய பொதுவடிவம் என்பது 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமியின் வாதம். அந்தப் பொதுவடிவத்தில் தாங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது பெண்கள் பலரின் மறுப்பு. ஆணாகவோ பெண்ணாகவோ தம்மைக் கருதாதவர்களுக்கோ இரண்டு விகுதியும் பொருந்தவில்லை.

இது நேற்று முளைத்த விவாதம் அல்ல. ஓ, ஆ விகுதிகளுக்குப் பதில் ஏ விகுதி என்ற யோசனையை ஆல்வரோ கார்சியா மெசெகெர் 1976இலேயே ஸ்பெயினில் முன்வைத்தார். வெனிசுவேலாவின் 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பதவிப் பெயர்களை ஆண்பால், பெண்பால் இரண்டிலும் சேர்த்தே எழுதியது. ஸ்பெயினில் துணைப் பிரதமர் கார்மென் கால்வோ 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பின் மொழியைப் பற்றி அகாதெமியிடம் கருத்துக் கேட்டார். இப்போதிருக்கும் நடையில் பிழையில்லை என்று 2020 ஜனவரியில் பதில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அவன், அவள் இரண்டுக்கும் மாற்றான 'எய்யே' என்ற பிரதிப்பெயரை அகாதெமி தன் இணையச் சொல் கண்காணிப்புப் பக்கத்தில் சேர்த்து, சில நாட்களிலேயே எடுத்துவிட்டது. புவெனோஸ் ஐரெஸ் நகர அரசு 2022 ஜூனில் பள்ளி வகுப்பறைகளில் இவ்வடிவங்களுக்குத் தடை போட்டது. 2024 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் மத்திய அரசு தன் நிர்வாகத்திலும் தடுத்தது. யாருமே பேசாத ஒன்றை அரசுகள் இவ்வளவு மெனக்கெட்டுத் தடுப்பதில்லை. மாணவரின் காதில் இது விழத்தான் போகிறது.

சரி, எப்போது கற்பிப்பது? இலக்கணம் கைவரட்டும், இடைநிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்களில் பலருடைய பழைய எண்ணம். இப்போது முதல் வாரத்திலேயே என்று முடிவு செய்திருக்கிறோம். தமிழில் "களைத்துவிட்டேன்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தன்மையில் பால் காட்டும் விகுதி கிடையாது. ஸ்பானியத்தில் "எஸ்தோய் கன்சாதோ" என்றால் பேசுகிறவர் ஆண், "கன்சாதா" என்றால் பெண். நாட்டைச் சொல்வதிலும் 'இந்தியோ', 'இந்தியா' என்று அதே பிரிவினை. தன்னைப் பற்றிய மூன்றாவது வாக்கியத்திலேயே ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் தன் பாலை அறிவித்தாக வேண்டியிருக்கிறது. இடைநிலை வரும்வரை காத்திரு என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

அதற்காக முதல் நாளே ஏ விகுதி வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதப் போவதில்லை. மொழிக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன. 'நான் இந்தியன்' என்பதை "சோய் தே லா இந்தியா", அதாவது இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் பால் வெளிப்படாது. "பியென்வெனிதோஸ்" என்று வரவேற்பதற்குப் பதில் "உங்களுக்கு வரவேற்பு அளிக்கிறோம்" என்ற வினை வாக்கியம் போதும். 'மாணவர்கள்' என்ற இடத்தில் 'அலும்னாதோ' என்ற தொகுதிப் பெயர். 'எஸ்துதியாந்தே' எந்த மாற்றமும் இல்லாமல் இருபாலுக்கும் நிற்கும். அகாதெமிக்கும் இவற்றில் ஆட்சேபம் கிடையாது. எங்கள் ஆசிரியர்கள் வகுப்பிலும் அறிவிப்பிலும் இந்த நடையையே முதலில் கைக்கொள்வார்கள். பெண் மருத்துவருக்கு 'மெதிகா', பெண் தலைவருக்கு 'பிரெசிதெந்தா' என்பவை அகராதியில் உள்ள சொற்கள். இவற்றைச் சொல்லத் தயங்குவது வெறும் பழக்கதோஷம்.

ஏ விகுதியைக் கற்க விரும்புகிறவர்களுக்கு முறையாகவே கற்பிப்போம், ஏனெனில் அதற்கும் இலக்கணம் உண்டு. பெயர்ச்சொல், சுட்டு, பெயரடை மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் வாக்கியம் நொண்டும். 'அமீகோ' என்பது 'அமீகே' ஆகும்போது எழுத்தில் ஜி-க்குப் பின் ஒரு யு சேர வேண்டும், இல்லாவிட்டால் உச்சரிப்பு 'அமீஹே' என்று போய்விடும். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது இங்கேதான்.

சொல்லின் நடுவே எக்ஸ் அல்லது மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியை இட்டு எழுதுவதை நாங்கள் பயிற்றுவிப்பதில்லை. படித்துப் புரிந்துகொண்டால் போதும். அவற்றை வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. பார்வையற்ற மாணவர்கள் நம்பியிருக்கும் திரைவாசிப்பு மென்பொருளும் அங்கே தடுக்கி நிற்கிறது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளக் கண்ட வழி சிலரை வெளியே தள்ளுவது எங்களுக்கு ஒப்பவில்லை.

தடைகள் பற்றியும் சொல்லிவிடுகிறோம். குழந்தைகளின் வாசிப்புத் திறன் கெடுகிறது என்பது புவெனோஸ் ஐரெஸ் அரசு சொன்ன காரணம். தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்கும் சிறுவர்களைப் பற்றிய அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. ஆனால் மொழியில் நடமாடும் ஒரு வடிவத்தை வளர்ந்தவர்களின் வகுப்பில் மறைத்து வைப்பதை ஏற்க மாட்டோம். ஏ விகுதியில்தான் பேச வேண்டும் என்று ஓர் ஆசிரியர் வகுப்பைக் கட்டாயப்படுத்தினால் அதையும் இதே காரணத்துக்காக எதிர்ப்போம்.

மதிப்பெண் விஷயம்: எங்கள் உள்தேர்வுகளில், ஒரே சீராக எழுதப்பட்ட ஏ விகுதிக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. பாதியில் ஏ, பாதியில் ஓ என்று கலந்திருந்தால், மற்ற எந்த இயைபுப் பிழையையும் போலவே குறைக்கப்படும். வெளித்தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களிடம், அங்கே அகாதெமி வழக்கில் எழுதுவதே பாதுகாப்பு என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். ஒரு மாணவர் தன்னை எந்த விகுதியில் குறிப்பிட வேண்டும் என்பதைச் சேர்க்கைப் படிவத்தில் எழுதலாம், பின்னால் மாற்றலாம், வெற்றிடமாகவும் விடலாம். காரணம் கேட்கப்படாது.