இலையில் ஒரு மஞ்சள் பொட்டு!

ஊறுகாயில் பூசணம் பூத்தால் எடுத்துக் கொட்டிவிடுகிறோம். செருப்பில் பூத்தால் துடைத்துவிடுகிறோம். ஆனால் இலையில் பூத்த பூசணத்தைத் தேடி மலை ஏறுகிறவர்களும் உண்டு!

காட்டில் புள்ளி விழுந்த இலையைப் பறிக்கிறார்கள். காகிதத்தில் வைத்து உலர்த்துகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். இதுவரை யாரும் கண்டிராத பூசணம் என்று தெரிந்தால், அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள்.

"மலைக் கிராமத்துக்கு ரோடு இல்லை, இலைப் புள்ளிக்குப் பெயர் வைப்பது ஒரு வேலையா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பதில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலேயே இருக்கிறது.

இலங்கை தந்த பாடம்

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. பின்னர் இலங்கையிலும் காப்பிதான் ராஜா!

1869-ல் இலங்கைக் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தோன்றியது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ், அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியாரும் அவர் நண்பர் புரூமும் அதை ஆராய்ந்தார்கள். புதிய பூசணம்! 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்றால் 'பாழாக்குகிறவள்' என்று பொருள்.

பெயர் பலித்துவிட்டது! சுமார் 20 ஆண்டுகளில் இலங்கைக் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அந்த நிலத்தில் தேயிலை வந்தது. காப்பி பறிக்கும் காலத்தில் போய்த் திரும்பிய தமிழ்த் தொழிலாளர்கள், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்ததால் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார்கள். ஒரு பூசணம் எத்தனை குடும்பங்களின் தலைவிதியை மாற்றிவிட்டது, பாருங்கள்!

தென்னிந்தியாவுக்கும் அந்த நோய் வந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் இன்று எதிரி யார் என்று நமக்குத் தெரியும். அந்தத் தூள் காற்றில் பறக்கும்; ஈர இலையில் முளைக்கும். ஆகவே மழைக்கு முன்பே, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள்.

எதிரி யாரென்று தெரியாமல் மருந்து தேட முடியுமா?

எல்லாம் எதிரி அல்ல

காட்டு இலைகளில் வாழும் பூசணங்களில் பல, தாம் குடியிருக்கும் மரத்தைக் கொல்வதில்லை. மரத்தை வெட்டினால் அவைதான் வீடிழக்கின்றன. விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்ட பூசணங்கள் சுமார் ஒன்றரை லட்சம். உலகில் இருப்பவையோ 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் கணக்கிட்டார்கள். பெயர் கிடைக்கும் முன்பே எத்தனை அழியுமோ?

இந்த வேலைக்குக் கோடி ரூபாய் தேவையில்லை. மைக்ராஸ்கோப், காகிதம், பொறுமை, பழகிய கண் ஆகியவையே தேவை. முன்பு புதுப் பூசணத்தை லத்தீன் மொழியில் வர்ணிக்க வேண்டும். 2012 முதல் ஆங்கிலமே போதும். நம் மாணவர்களுக்கு இனி என்ன தடை?

ஏற்காட்டில் மத்திய அரசின் தாவர ஆய்வுத் துறை ஆர்க்கிட் தோட்டம் நடத்துகிறது. பூவைக் காக்க இடம் இருக்கிறது, சந்தோஷம். பூசணத்தைப் பார்க்க நாலு பேராவது வேண்டாமா?

சேலம் மாவட்டக் கல்லூரிகள் ஆண்டுதோறும் மாணவர்களை மலைக்கு அனுப்பட்டும். மலை மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர்கள் கேட்கட்டும். இலை நிறம் மாறுவதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தான்.

ரோடும் வேண்டும். இலையைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டும்!