படிக்காட்டி கடலுக்குப் போ என்று சொன்ன வாய்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இந்த விடுமுறையில் நாங்கள் ஆசிரியர்கள் ஏழு பேர் பொத்துவிலுக்குப் போனோம். கல்முனையிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். நடுச்சாமம் தாண்டி வேனை எடுத்து, பொத்துவிலில் சுபஹு தொழுதுவிட்டு, ஒரு காக்காவின் படகில் தூண்டில் போடப் போவது, திரும்பி வந்து அறுகம்பேயில் சேர்ஃபிங் பழகுவது என்று திட்டம். ஏழு பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கடற்கரை ஊர்களில் பிறந்து, அட்டாளைச்சேனையில் கல்வியியல் கல்லூரி முடித்து, கடல் இரைச்சல் கேட்கிற வகுப்பறைகளில் படிப்பிக்கிற ஏழு பேர்!

படகு கரையை விட்டுப் பத்து நிமிடத்தில் எங்கள் விஞ்ஞான சேர் வாந்தி எடுக்கத் தொடங்கினார். அதை விடுவோம். காக்கா கரையைப் பார்த்தபடியே ஓட்டினார். ஒரு இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, "இதுக்குக் கீழே பார், மீன் இருக்கும்" என்றார். சுற்றிலும் ஒரே நீலம். எப்படித் தெரியும் என்று கேட்டோம். கையை நீட்டிக் காட்டினார். தூரத்து மலை ஒரு பனைக்கு நேராக வரவேண்டும், மற்றப் பக்கம் பள்ளி மினாரா ஒரு கட்டடத்தின் மூலைக்கு நேராக வரவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வந்தால் அதுதான் இடம்.

கணிதம் படிப்பிக்கிற எங்கட ஆள் வாயடைத்துப் போனார். இரண்டு நேர்கோடுகள் வெட்டும் புள்ளி. நாங்கள் கரும்பலகையில் அச்சுக் கீறி, பிள்ளைகளுக்கு விளங்காமல், கடைசியில் பிரம்பை எடுக்கிற அதே பாடம்.

"எத்தனையாம் வகுப்பு மட்டும் படிச்சீங்க காக்கா?"

"எட்டு. நீ கடலுக்குத்தான் சரி எண்டு ஒரு சேர் சொன்னார். வந்திட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே வசனத்தை நாங்களும் சொல்லியிருக்கிறோம். ஒருமுறை அல்ல. "படிக்காட்டி வாப்பாவோட கடலுக்குப் போ." வகுப்பில் பத்துப் பிள்ளைகளின் வாப்பாமார் அந்த நேரம் கடலில்தான் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் தலையைக் குனிவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். பகல் சோற்றுக்கு அதே வாப்பா பிடித்த சூரையை நாங்கள் சாப்பிடுவோம்.

காலை வெயில் ஏறியதும் சேர்ஃபிங். பழகுகிறவர்களைப் பேபி பொயின்ட் பக்கம் கூட்டிப் போவார்கள், அங்கே அலை சின்னது. பலகையோடு நின்ற பயிற்றுவிப்பாளர் எங்களைக் கண்டதும் "சேர்!" என்று ஓடி வந்தார். எங்கள் பழைய மாணவன். பருவத்துக்கு இங்கே வந்து வேலை செய்கிறாராம். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை, சாதாரண தரத்தில் கணிதம் தவறியவர். இப்போது மூன்று பாஷையில் படிப்பிக்கிறார்.

மே தொடங்கி ஒக்டோபர் வரை ஏன் இங்கே அலை நல்லது என்று அவர்தான் சொல்லித் தந்தார். தெற்கே இருந்து வருகிற அலை முனையில் வளைந்து வரிசையாக உடைகிறது. காலையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் நிமிர்ந்து நிற்கிறது. கச்சான் என்றால் எங்களுக்குப் புழுக்கமும் தூசியும்தான் தெரியும். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: "நீரோட்டம் உள்ளே இழுத்தா கரையைப் பார்த்து நீந்தப்படாது சேர். களைச்சுத் தாண்டு போவீங்க. கரைக்குச் சமாந்தரமா நீந்தி, இழுவையை விட்டு வெளிய வந்து, பிறகு கரைக்கு வரணும்."

சமாந்தரம். நாங்கள் படிப்பித்த சொல்!

பலகையில் எழும்பி நின்றது எங்களில் ஒருவர்தான், அதுவும் இரண்டு விநாடி. மற்றவர்கள் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கில்லை. இடுப்பளவு தண்ணீரில் கால் வழுக்கினால் நெஞ்சு எப்படிப் பதறுகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இனி வழக்கமான பதில்கள் வரும். கடல் எங்களை அழித்தது என்பீர்கள். உண்மை. 2004 டிசம்பர் 26-இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மையித்து எடுக்காத தெருவில்லை. நாங்கள் அப்போது பாடசாலைப் பிள்ளைகள், பார்த்தவர்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும்தான் அதிகம் போனார்கள். அதற்குப் பிறகும் நீந்தப் பழக்காமல் இருந்திருக்கிறோமே, இது பயமா, பைத்தியமா? 2024 நவம்பர் 26-இல் மாவடிப்பள்ளி வெள்ளம் மத்ரஸாப் பிள்ளைகளை உழவு இயந்திரத்தோடு இழுத்துப் போனது. அன்று நீச்சல் அவர்களைக் காப்பாற்றியிருக்குமா என்று வாதாட வரவில்லை. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஜனாஸாக்களுக்குப் பிறகு எத்தனை பாடசாலையில் நீச்சலைப் பற்றி ஒரு கூட்டமாவது நடந்தது? எங்களுடையதில் நடக்கவில்லை. புலமைப்பரிசில் மேலதிக வகுப்புக்கு நடந்தது.

உமர் (ரழி) அவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கச் சொன்னதாகப் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அதற்குப் பிறகு டியூஷனுக்கு அனுப்புகிறோம்.

பெண் பிள்ளைகளா என்று கேட்பீர்கள். ஆம், பெண் பிள்ளைகளும்தான். 2018-இல் நாட்டின் முதல் பெண்கள் சேர்ஃபிங் கழகம் அமைந்தது எங்கள் மாவட்டத்தில், அதே அறுகம்பேயில். எங்கள் பிள்ளைகள் அலையில் சறுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பெண் பயிற்றுவிப்பாளர், மறைவான இடம், தனி நேரம், முழு உடை. கலியாண மண்டபத்தில் இதையெல்லாம் ஒழுங்கு செய்ய முடிகிற ஊருக்கு ஒரு நீச்சல் வகுப்புக்கு ஒழுங்கு செய்ய முடியாதா? (அறுகம்பே என்றதும் வெளிநாட்டவர் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். அது வேறு பதிவு.)

அப்போ எல்லாரும் மீன்பிடிக்கப் போகட்டுமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். படிப்பு ஒரு பக்கம், கடல் மறுபக்கம் என்று பிரித்தது யார்? ஒலுவிலில் 2013-இல் துறைமுகம் திறந்தார்கள். அதன் வாயை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு விழுந்தன. அதே ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் நகரும் என்று கரைவலைக்காரருக்குத் தெரியும். அவர் மகனை நாங்கள் வகுப்பில் சிரிப்புக்கு ஆளாக்காமல் இருந்திருந்தால், அந்த அறிவோடு ஒருவர் பொறியியலாளராக வந்திருக்கலாம். இப்போது வாப்பாவின் தொழிலைச் சொல்லவே அந்தப் பிள்ளை வெட்கப்படுகிறது. கடலில் பிடித்ததை ஹலாலாக்கியது குர்ஆன். அதைக் கேவலமாக்கியது நாங்கள், சோக்கட்டியும் கையுமாக நின்று.

அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் மறந்திட்டன் சேர்" என்றார். மறந்திருக்க மாட்டார். காசும் வாங்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்தோம்.

ஏழு பேரில் நாலு பேர் அடுத்த மாதம் நீந்தப் பழகப் போகிறோம். மற்ற மூன்று பேரும் இன்னும் வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த விஷயத்தைக் கொண்டு வருகிறோம், பெற்றோர்கள் வந்து பேசுங்கள். நீந்தத் தெரிந்த ராத்தாமார், டீச்சர்மார் மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை யாராவது இருந்தால் தயவுசெய்து இன்பொக்ஸில் சொல்லுங்கள். முதல் வகுப்பைப் பெண் பிள்ளைகளுக்கே தொடங்கலாம்.