மறைக்கு எதற்கு நற்சாட்சிப் பத்திரம்?

என் முஸ்லிம் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு சிறு பிரசுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "பிரபஞ்சம் விரிவதை விஞ்ஞானிகள் நேற்றுத்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் திருக்குர்ஆன் பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. படித்துப் பாருங்கள்" என்றார். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன். படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது நட்புக்குச் செய்யும் துரோகம் என்று பட்டதால் எழுதுகிறேன்.

பிரசுரம் காட்டும் ஆதாரம் 51ஆம் அத்தியாயத்தின் 47ஆவது வசனம். வானத்தைப் படைத்ததைப் பற்றிய அந்த வசனத்தில் 'மூஸிஊன்' என்றொரு சொல் வருகிறது. விசாலம் என்ற பொருள் தரும் வேரில் பிறந்த சொல். இறைவனுடைய ஆற்றலின் விசாலம் என்றும், வானத்தின் விசாலம் என்றும் பழைய உரைகாரர்கள் பொருள் கண்டார்கள். அவர்கள் அரபு அறியாதவர்களா? 1917இல் ஐன்ஸ்டைன் விரியாத, சுருங்காத ஒரு பிரபஞ்சத்தைச் சமன்பாட்டில் கட்டி நிறுத்தினாரே, அன்றைக்கு 'தப்பு ஐயா, எங்கள் வசனத்தைப் பாரும்' என்று எந்த உலமா கை தூக்கினார்? 1922இல் ஃபிரீட்மன், 1927இல் லெமேத்ர், 1929இல் ஹபிள் என்று வரிசையாக வந்து உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வசனத்துக்குப் புதுப் பொருள் கிடைத்தது. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கெழுதும் பையனுக்கு எந்த வாத்தியாரும் மார்க் போடுவதில்லை.

வானமும் பூமியும் ஒன்றாயிருந்து பிரிக்கப்பட்டதைச் சொல்லும் 21ஆம் அத்தியாயத்தின் 30ஆவது வசனத்தைப் பெருவெடிப்போடு முடிச்சுப் போடுகிறார்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. பூமியின் வயது சுமார் 450 கோடி. பெருவெடிப்பின்போது பிரிவதற்குப் பூமி எங்கே இருந்தது? இந்தக் கேள்வியால் மறைக்கு ஒரு பழுதும் இல்லை. அதைப் பௌதிகப் பாடப் புத்தகமாக்குகிறவருக்குத்தான் சங்கடம்.

இன்னொன்று. 1948இல் ஹாயில், போண்டி, கோல்டு மூவரும் பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே கிடையாது என்றார்கள். பல வருஷம் அது மதிப்போடு நடமாடியது. 1965இல் பென்சியாஸும் வில்சனும் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் மெல்லிய வானொலி இரைச்சலை அறிவித்த பிறகே அது சரிந்தது. அத்தனை வருஷமும் மறை சந்தேகத்தில் தொங்கிக்கொண்டிருந்ததா? ஒரு ஆண்டெனாவின் தயவில் பிழைக்கிற வேதம் என்ன வேதம்?

பெருவெடிப்புக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த ஆராய்ச்சியில் படைப்புக்குச் சான்று கண்டு பேசினார். லெமேத்ர் பூரித்துப் போகவில்லை. தம் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்றே அவர் சொல்லிவந்தார். தொழுகிற கையும் கணக்கெழுதுகிற கையும் ஒன்றாயிருந்தும் அவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

முஸ்லிம்களுக்கு அந்நியமான புத்தியல்ல இது. பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா மசூதியில் தொழுகை வேளையைக் கணித்துச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவர் இப்னு ஷாத்திர். சந்திரனின் போக்குக்கு அவர் வகுத்த கணிதம், பின்னால் வந்த கோப்பர்நிக்கஸின் கணிதத்தோடு ஒத்துப்போகிறது. மறையை அவர் நம்பினார். சந்திரனின் பாதையைத் தேட வசனத்தைப் பிழியவில்லை, வானத்தைப் பார்த்தார். அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளையிடம் 'எல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது' என்றால், அவன் எதற்காகத் தூரதரிசினியில் கண் வைக்கப் போகிறான்? எனக்குப் பதைப்பது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

புஷ்பக விமானத்தைக் காட்டி ஆகாய விமானம் எங்கள் சரக்கு என்கிற நம்மவர்களுக்கும் இதே பதில்தான். இது ஒரு மதத்தின் வியாதியல்ல. தாழ்வு மனப்பான்மையின் வியாதி. தன் வேதத்தின் மீது நிஜமான நம்பிக்கை உள்ளவன், ஆய்வுக்கூடத்து வாசலில் நற்சாட்சிப் பத்திரத்துக்குக் காத்து நிற்கமாட்டான்.

என் நண்பர் ஐந்து வேளையும் தொழுகிறவர். பொய்க் கணக்கு எழுத மறுத்து, நல்ல சம்பளத்தை உதறியவர். அவரை அப்படி நிற்க வைத்தது எந்த விஞ்ஞானியும் சான்றளிக்காத நம்பிக்கை. பிரசுரத்தை நாளை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவருக்கு அது தேவையில்லை.