எத்தனை எம்பின்னு கேக்காதீங்க, எத்தனை பிங்னு கேளுங்க

2025 ஜூன்ல ஒரு ரீல்ஸ் வந்து எங்க கூமாப்பட்டி பேரு தமிழ்நாடு பூரா பரவிருச்சு. அதைப் பார்த்துட்டு வந்தவங்க எங்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, பிளவக்கல் அணைக்கு எப்படிப் போகணும்?" ரெண்டாவது கேள்வி, "இங்க நெட் கிடைக்குமா?" இன்னைக்கு ரெண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுறேன்.

நெல்லும் தென்னையும் போடுற ஆளு, பன்னெண்டாவதோட படிப்பை நிறுத்துனவன், இவனுக்கு நெட்டைப் பத்தி என்ன தெரியும்னு நினைப்பீங்க. தெரியாமத்தான் இருந்துச்சு. எம்மகன் சென்னை கம்பெனி வேலையை வீட்டுல இருந்தே பார்க்கலாம்னு ஊருக்கு வந்தான். பகல்ல ஆபீஸ் வேலை. ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டு, மூணு மணி நேரம் கம்ப்யூட்டர்ல கேம். துப்பாக்கி சுடுற கேமுதான், கவுன்ட்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட். நடுநடுவுல "ஐயோ, லேக் ஆகுது"ன்னு தலையில அடிச்சுக்குவான். ஒரு நாள் சாப்பாட்டுல உக்காந்தப்ப சொன்னான், "யப்பா, நெட் இப்படியே இருந்தா நான் சென்னைக்கே போயிர்றேன்."

கேமை விட்டுத் தொலைடான்னுதான் முதல்ல சொன்னேன். அவங்கம்மா அதுக்கு மேல சொன்னா. அப்புறம் ஒரு ராத்திரி பக்கத்துல உக்காந்து பார்த்தேன். காதுல மாட்டிக்கிட்டு கூடப் படிச்ச பயலுக நாலு பேரோட சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான். ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் கோயம்புத்தூர். எங்க காலத்துல கண்மாய்க்கரையில உக்காந்து பேசுனோமே, அதேதான். இந்த ரெண்டு மணி நேரமும் இல்லேன்னா இந்த ஊர்ல அவனுக்குப் பேச ஆளு யாரு இருக்கா? அவன் வயசுப் பயலுக முக்காவாசி வெளியூருக்குப் போயாச்சு.

நாங்க வாங்கியிருந்தது 100 எம்பி பிளான். கேபிள்காரர் ரெண்டு தடவை வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுனாரு, 96 வந்துச்சு. "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி"ன்னுட்டுப் போயிட்டாரு. நான் அவரை நல்லா ஏசிட்டேன். மகன்தான் சொன்னான், "எம்பி பிரச்சினை இல்லப்பா, பிங் பிரச்சினை."

அவன் விளக்குனதை நான் தண்ணியா மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். வாய்க்கா எவ்வளவு அகலம்ங்கிறது எம்பி. மடையைத் திறந்ததுக்கப்புறம் கடைசி வயலுக்குத் தண்ணி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறது பிங். சரியாச் சொல்லணும்னா நம்ம கம்ப்யூட்டர் ஒரு சேதி அனுப்பி, செர்வர்ல இருந்து பதில் திரும்பி வர்ற நேரம். அதை மில்லி செகண்டுல சொல்றாங்க, செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு. சினிமா பார்க்கும்போது முன்கூட்டியே கொஞ்சம் தொட்டியில நிரப்பி வச்சுக்கிட்டு ஓட்டுறான், அதனால நடுவுல நின்னு நின்னு வந்தாலும் தெரியாது. கேமுக்குத் தொட்டி கிடையாது. ஒரு எம்பி கூடத் தேவைப்படாது, ஆனா சொட்டுச் சொட்டா நேரத்துக்கு வந்துக்கிட்டே இருக்கணும்.

கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுது. இங்கிருந்து சென்னை சுமார் 550 கிலோமீட்டர், போயிட்டு வர 6 மில்லி செகண்டு கூட ஆகாது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலயும் மும்பையிலயும் செர்வர் இருக்கு, வேலரன்டுக்கு மும்பையில இருக்கு. லைன் சுத்தி வளைச்சுப் போறதால எங்க வீட்டுல 30, 40 வரும்னான். அது விளையாடத் தாராளமாப் போதும். ஆனா ஸ்கிரீன்ல 180, 250ன்னு குதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

குத்தம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, இதை நீங்களும் செஞ்சு பாருங்க. முதல்ல நம்ம வீட்டு ரவுட்டருக்கே பிங் போடணும். விண்டோஸ்ல அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, பிங்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு ரவுட்டர் நம்பரை அடிக்கணும். பெரும்பாலும் 192.168.1.1 இல்லேன்னா 192.168.0.1 ஆ இருக்கும். ரெண்டு, மூணுன்னு சீரா வந்தா வீட்டுக்குள்ள குத்தமில்ல. எங்களுக்கு 4, 7, 90, 6, 210ன்னு வந்துச்சு. இருபதடி தூரத்துல இருக்கிற ரவுட்டருக்கே இந்தக் கதி! கேபிள்காரரை ஏசுனது மனசுக்குச் சங்கடமாப் போச்சு.

எங்க வீடு தாத்தா கட்டுனது. சுவரு ஒன்றரை அடி. ரவுட்டரை முன்கூடத்துல டிவிக்குப் பக்கத்துல அழகா மாட்டி வச்சிருந்தோம். கம்ப்யூட்டர் பின்கட்டு ரூம்ல. நடுவுல நெல்லு மூட்டை அடுக்குற ரூமும் இரும்பு பீரோவும். வைஃபை பாவம் என்ன செய்யும்?

வயர் இழுத்தோம். அவ்வளவுதான் வைத்தியம். ராஜபாளையத்துல கேட்-6 வயர் 22 மீட்டர் வாங்கிட்டு வந்து, சுவத்து ஓரமா நானே கிளிப் அடிச்சேன். 100 மீட்டர் வரைக்கும் இந்த வயர் தாங்கும், அதுக்கு மேல போகக் கூடாது. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விலை குறைச்சலா ஒண்ணு கொடுப்பாங்க, அது அலுமினியத்துக்கு மேல செம்புப் பூச்சு. முனையை பிளேடால சுரண்டுனா உள்ள வெள்ளையாத் தெரியும். அலுமினிய வைண்டிங் மோட்டார் வாங்கி ஏமாந்த எந்த விவசாயிக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. வயர் மாட்டுன அன்னைக்கு ரவுட்டர் பிங் ஒண்ணுக்கும் கீழ வந்துருச்சு.

வாடகை வீடு, வயர் இழுக்க முடியாதுன்னா ரவுட்டரை கம்ப்யூட்டர் இருக்கிற ரூமுக்கே கொண்டு வந்து 5 கிகாஹெர்ட்ஸ்ல போடுங்க. அது வேகம், ஆனா சுவரைத் தாண்டாது. 2.4 சுவரைத் தாண்டும், ஆனா அபார்ட்மென்ட்ல எல்லா வீட்டுக்காரனும் அதுலதான் இருப்பான். ரிப்பீட்டர் பெட்டி கேமுக்கு உதவாது. ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புறதுன்னா வேகம் பாதியாயிரும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் மறுபடி குதிச்சுச்சு. அந்தக் குத்தவாளி நான்தான். தோப்புல நாள் பூரா எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் வீட்டுக்கு வந்ததும் என் போன்ல இருந்து தானா மேல ஏறுது. அது வாய்க்காலை அடைச்சுக்கிட்டா கேமோட சொட்டுத் தண்ணி பின்னால வரிசையில நிக்குது. ரவுட்டருக்குள்ள கியூஓஎஸ்னு ஒண்ணு இருக்கும். லைன் வேகத்துல நூத்துக்குத் தொண்ணூறுன்னு கட்டி வச்சு, கம்ப்யூட்டருக்கு முதல் முறை கொடுத்தோம். முறைப்பாசனம்தான், வேற ஒண்ணுமில்ல.

கரண்டு விசயமும் சொல்லணும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் 12 வோல்ட்ல ஓடுறது. அதுக்குன்னே சின்ன யூபிஎஸ் விக்குது, கரண்டு போனாலும் சில மணி நேரம் தாங்கும். கம்ப்யூட்டருக்குத் தனி யூபிஎஸ். பில்லு எகிறிரும்னு அவங்கம்மா பயந்தா. கணக்குப் போட்டேன். 400 வாட்டுன்னு வச்சாலும் தினம் மூணு மணி நேரத்துக்கு ஒண்ணேகால் யூனிட்டுக்குள்ளதான். என் 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துல 3.7 யூனிட்டுக்குக் குறையாமக் குடிக்கும்.

ஐப்பசி இடிக்கு மட்டும் பயப்படுங்க. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்பு வயர் கடத்தும். வீட்டுல இருந்து மோட்டார் ரூமுக்கு லேன் வயரை வெட்டவெளியில தொங்கவிட்ட சொந்தக்காரர் ஒருத்தருக்கு ஒரே இடியில ரவுட்டர், கேமரா பெட்டி, கம்ப்யூட்டர் மூணும் போச்சு. ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குன்னா ஃபைபர்தான் இழுக்கணும்.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன். கேம்னு சொன்னாலே ஊர்ல ரம்மியைத்தான் நினைக்கிறாங்க. காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே தடைச் சட்டம் போட்டுச்சு, அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கவும் செய்யுது. ரெண்டும் வேற வேற. அடுத்தது, இணைப்பு விக்கிறவங்க. டிராய் 2024ல போட்ட சேவைத் தர விதியில இந்தத் தாமதத்துக்கும் அளவு வச்சிருக்கு. ஆனா நோட்டீஸ்ல 100 எம்பி, 200 எம்பின்னுதான் கொட்டை எழுத்துல இருக்கும். பிங் எவ்வளவு வரும்னு நான் கேட்டா, வந்த பையன் முழிக்கிறான். தேங்காய் வாங்க வர்ற வியாபாரி எண்ணிக்கை மட்டுமா பார்க்கிறான்? எடை, பருப்பு எல்லாம் பார்த்துத்தானே விலை சொல்றான். நாம மட்டும் ஏன் ஒரே ஒரு நம்பரைப் பார்த்துட்டுக் காசு கட்டணும்?

மகன் சென்னை பேச்சை எடுக்கல. இப்ப தோப்பு வீட்டுக்கும் ஃபைபர் இழுக்கணும்ங்கிறான், அங்க உக்காந்து வேலை பார்க்கணுமாம். அடுத்த வெட்டுத் தேங்காய்க் காசு வரட்டும்னு சொல்லியிருக்கேன்.