இராயபுரத்தின் கடன்

மாலையில் மெரீனா மணலில் உட்கார்ந்து காற்று வாங்காத சென்னைவாசி அபூர்வம். அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நாம் விசாரிப்பதில்லை. விடை தெரிய வேண்டுமானால் துறைமுகத்துக்கு வடக்கே, இராயபுரம் வரையில் போய்வர வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தப் பேட்டைக்கு இருந்த யோகமே தனி. 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சிய நாட்களில், ஆணியே இல்லாமல் நார்க்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்த்தவர்கள் படகோட்டிகள். அவர்கள் எழுப்பிய இராயப்பர் கோவில் இன்றும் இருக்கிறது. பேட்டையின் பெயரே அந்த அர்ச்சியசிஷ்டரால் வந்தது என்பார்கள்.

பிறகு காற்று திசை மாறிற்று. 1873-இல் சென்ட்ரல் ஸ்டேஷன் எழுந்தது. நாளடைவில் பிரயாணிகளின் கூட்டம் அங்கே போய்விட்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அஸ்திவாரமிட்டார்கள். 1881-ஆம் வருஷத்துப் புயல் அதைச் சிதைத்தும், விடாமல் மறுபடி கட்டினார்கள். கப்பல் கரைக்கே வந்தபின் படகுக்கு என்ன வேலை?

பிழைப்போடு போயிருந்தால் சகிக்கலாம், நிலமும் போயிற்று. நமது கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை வழிமறித்தது. தெற்கே தேங்கிய மணல், ஒரு காலத்தில் கோட்டை மதிலருகே மோதிய கடலைத் தள்ளி வைத்து, மெரீனாவை அகலமாக்கிற்று. வடக்கே புது மணல் வராமல், அலை கரையை அரித்தது. வீதிகளும் குடிசைகளும் கடலுக்கு இரையாயின. கருங்கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காத்து வருகிறார்கள்.

துறைமுகம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. அதனால் தேசத்துக்கு விளைந்த நன்மை பெரிது. ஆனால் லாபம் ஒரு கரைக்கும் நஷ்டம் மற்றொரு கரைக்கும் என்றால், அது எந்த ஊர் நியாயம்? சுதந்திர நாட்டிலும், 2001-இல் எண்ணூரில் புதுத் துறைமுகம் திறந்தாயிற்று. இனி எங்கே கடலில் கல்லைப் போட்டாலும், வடகரைக் குடிசையின் விலையையும் முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதட்டும்.

மெரீனாவில் நாம் அனுபவிக்கும் மணலில் இராயபுரத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் கடனை ஒப்புக்கொள்ளவாவது நாம் கற்க வேண்டும்.